ரெஸ்லருக்கு யார் எம்.சி. கொடுப்பது?

கெடாவின் சிடாம் கிரி பக்கம் செம்பனைக் குலை வெட்டுகிறவர் கால் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டால் அடுத்து என்ன நடக்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாரம். கிராணி இழுத்தடிக்கலாம், பாரத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போய்த் திரும்பி வரலாம், காசு கைக்கு வர மாதங்கள் ஆகலாம். ஆனாலும் வழி என்று ஒன்று இருக்கிறது. வேலையில் அடிபட்டு நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. இருந்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும் என்று மலேசியச் சட்டம் சொல்கிறது. அதே மணிக்கட்டு ரெஸ்லிங் மேடையில் முறிந்தால்? உலகத்திலேயே பெரிய ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் கணக்கில் மேடையில் மோதுகிறவர் தொழிலாளியே இல்லை. தனியாகத் தொழில் நடத்தும் ஒப்பந்தக்காரர். அவருக்கு எம்.சி. என்ற பேச்சே எழாது. நான் சொல்ல வருவது இதுதான்: அடிபட்ட உடம்போடு ரெஸ்லர்கள் மேடை ஏறுவதை வீரம் என்று கைதட்டுகிறோம், அது பெரும்பாலும் விடுப்பு எடுத்தால் இடம் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்குகிற ஏற்பாட்டைத் தொடாமல் ஸ்கேன், டாக்டர், பாதுகாப்பு விதி என்று எதைச் சேர்த்தாலும் அரைகுறைதான்.

இதைப் பற்றி ஒரு தோட்டப்புறத்துத் தமிழன் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். ரெஸ்லிங் என்பது அமெரிக்காக்காரன் டி.வி.யில் கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்ற நினைப்பு இருக்கிறது. நம் தாத்தாமார் அப்படிச் சொல்லமாட்டார்கள். 1940-களின் கடைசியில் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்த தாரா சிங், அங்கே டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே கிரேட் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் குஸ்தி பழகினார். இந்தப் பக்கத்தில் பேர் வாங்கிய பிறகுதான் இந்தியாவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அவரோடு மோதிய கிங்காங் ஐரோப்பாவில் பிறந்தவர், சிங்கப்பூரையே ஊராக்கிக்கொண்டவர். கிங்காங் – தாரா சிங் குஸ்தி என்றால் மலாயாவிலும் சரி மதராஸிலும் சரி, கூட்டம் அள்ளும். அந்த கிங்காங் சாகிற அளவுக்கு அடிபட்டது மேடையில் அல்ல, சாலையில். 1970-இல் ஒரு கார் விபத்து. சொக்சோ சட்டம் 1969-இல் வந்து, 1971 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கும் வேலைக்கும் போய்வருகிற வழியில் நடக்கும் விபத்தும் அதில் சேர்த்தி. ஊர் ஊராக வண்டி ஓட்டிப் பிழைக்கிற ரெஸ்லருக்கு அந்தப் பிரிவைப் போலப் பொருத்தமானது வேறு இல்லை. ஆனால் அது தொழிலாளிக்குத்தான்.

முதலில் எல்லாரும் வீசுகிற கல்லைப் பார்த்துவிடுவோம். "அது பொய்ச் சண்டைதானே, அதில் என்ன அடி, என்ன ஓய்வு?" யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவான ஒன்று, அதை இன்று எந்தக் கம்பெனியும் மறைப்பதில்லை. ஆனால் விழுவது பொய்யில்லை. மேடையின் துணியைத் தூக்கிப் பார்த்தால் கீழே இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, பலகைமேல் மெல்லிய பஞ்சு விரிப்பு, அவ்வளவுதான். நூறு கிலோ உடம்பு அதன்மேல் முதுகு பட விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையை விரித்து அறைந்து, அதிர்ச்சியைப் பரப்பப் பழகியிருக்கிறார்கள். பழக்கம் அடியைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. ஒரு நாளில் ஒரு தடவை விழுந்தால் பரவாயில்லை. இவர்கள் ஓர் ஆட்டத்திலேயே பத்து, பதினைந்து தடவை விழுகிறார்கள், வாரத்தில் பல இரவு, வருஷக்கணக்காக. 1997 ஆகஸ்டில் நடந்த சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் எதிராளி ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்து இறக்கியபோது கணக்கு சில அங்குலம் தப்பியது. கழுத்து அடிபட்டுச் சற்று நேரம் கைகால் அசையவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். அதே நிலையில் உருண்டு எதிராளியை மடக்கி ஆட்டத்தை 'ஜெயித்தார்', ஏனென்றால் முடிவு அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. மூன்று மாதம் கழித்து நவம்பரில் மறுபடி மேடையில் இருந்தார். 2000-இல் கழுத்தில் அறுவை, 2003-இல் ஓய்வு. ஜப்பானில் மிட்சுஹாரு மிசாவா கதை இன்னும் கசப்பு. உழைத்து உழைத்துத் தேய்ந்த கழுத்தோடு, தானே நடத்திய கம்பெனியைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக 46 வயதிலும் மேடை ஏறிக்கொண்டிருந்தவர். 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், வாழ்நாளில் ஆயிரம் தடவை வாங்கியிருக்கக்கூடிய சாதாரணப் பின்வீச்சு ஒன்றில் விழுந்தார். எழவில்லை. முதலாளியே ஆனாலும் ஓய்வு எடுக்க முடியாத தொழில் இது.

தனித்தனிச் சாவுகளைச் சொன்னால் விதி என்பார்கள். மொத்தக் கணக்கும் இருக்கிறது. 2014-இல் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் மிச்சிகனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 557 ரெஸ்லர்களின் விவரத்தை எடுத்து வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். 50 முதல் 55 வயதுக்குட்பட்டவர்களில் சாவு விகிதம் அமெரிக்காவின் பொது ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. முதல் காரணம் இதய நோய். இதில் ஸ்டீராய்டுக்கும் வலி மாத்திரைக்கும் பெரும் பங்கு இருக்கிறது என்பது ஊரறிந்த சந்தேகம். அதை வைத்து, "அவர்களாகத் தின்று கெட்டார்கள், கம்பெனி என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் ஒரு கேள்வியைத் தாண்டிப் போகிறார்கள். வலி மாத்திரை எதற்கு? வலிக்கிற உடம்பை நாளை ராத்திரி மறுபடி மேடையில் நிறுத்துவதற்கு. இரண்டு வாரம் படுத்துக் கிடந்தாலும் சம்பளம் வரும், இடம் இருக்கும் என்றால் அந்த மாத்திரையின் விற்பனை பாதியாவது குறைந்திருக்கும். போதையும் ஓய்வின்மையும் ஒரே நோயின் இரண்டு பக்கம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம், விஷயம் அங்கேதான் கெட்டிருக்கிறது. 1989-இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (அப்போது அதன் பெயர் அதுதான்) நியூ ஜெர்சி மாநிலச் செனட்டில் போய், ரெஸ்லிங் ஒரு விளையாட்டே அல்ல, பார்வையாளர்களை மகிழ்விக்கிற கேளிக்கை என்று சொல்லியது. ரசிகர்கள் அதிர்ந்து போனார்கள், பத்திரிகைகள் சிரித்தன. கம்பெனிக்கு வேண்டியது வேறு. விளையாட்டு என்றால் மாநில விளையாட்டு ஆணையம் தலையிடும், உரிமம் கேட்கும், வரி போடும். கேளிக்கை என்று ஆகிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. சரி, விளையாட்டு இல்லை, கேளிக்கைத் தொழில் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்தத் தொழிலில் வேலை பார்ப்பவர்கள் தொழிலாளர்கள் அல்லவா? அங்கே போய்க் கேட்டால், இல்லை, அவர்கள் ஒவ்வொருவரும் தனி வியாபாரி, எங்களோடு ஒப்பந்தம் மட்டும் போட்டிருக்கிறார்கள் என்று பதில் வரும். ஆணையத்தின் வாசலில் நாடகக்காரர், தொழிலாளர் இலாகா வாசலில் முதலாளி, டிக்கெட் வாங்கியவன் முன்னால் மட்டும் உலகச் சாம்பியன். மூன்று வேஷத்தையும் ஒரே ஆள் போடும்போது அடிபட்டால் பொறுப்பேற்க யாரும் இல்லாமல் போகிறது.

இந்த 'ஒப்பந்தக்காரர்' என்ற வாதத்தை நம் நாட்டுச் சட்டத்தில் வைத்து உரசிப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் திருத்தம் செய்து, 2023 ஜனவரி 1 முதல் 101சி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எழுத்தில் வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், சில அடையாளங்கள் இருந்தால் அந்த ஆளைத் தொழிலாளி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது மறுதரப்பின் வேலை. வேலை செய்யும் விதத்தை இன்னொருவர் கட்டுப்படுத்துகிறாரா? ரெஸ்லர் எப்படி நடந்து வர வேண்டும், மைக்கில் என்ன பேச வேண்டும், எத்தனை நிமிடம் மோத வேண்டும், யாரிடம் தோற்க வேண்டும் என்பதுவரை கம்பெனி எழுதிக் கொடுக்கிறது. நேரத்தை இன்னொருவர் தீர்மானிக்கிறாரா? எந்த ஊரில் எந்த ராத்திரி என்று அட்டவணை போடுவது கம்பெனி. கருவி, தளவாடம் யாருடையது? மேடை, விளக்கு, காமிரா எல்லாம் கம்பெனியுடையது. பல பேருக்கு மேடைப் பெயரே கம்பெனியின் சொத்து, விலகினால் அந்தப் பெயரை வெளியே பயன்படுத்த முடியாது. அந்த வேலை கம்பெனியின் தொழிலுக்கு அடிப்படையா? ரெஸ்லர் இல்லாமல் ரெஸ்லிங் கம்பெனி என்று ஒன்று கிடையாது. வேறு யாருக்காவது வேலை செய்யலாமா? அனுமதியின்றி முடியாது. கம்பெனிக்குச் சாதகமாக மிஞ்சுவது, ஆடையையும் ஓட்டல் வாடகையையும் வாடகைக் காரையும் நெடுங்காலமாக ரெஸ்லரே பார்த்துக்கொண்ட வழக்கம். செலவைத் தலையில் கட்டிவிட்டு, செலவு செய்கிறாயே அதனால் நீ முதலாளி என்று சொல்வது நல்ல வேடிக்கை. நம் தோட்டங்களில் நேரடி ஆள் வேண்டாம், குத்தகைக்காரன் மூலம் எடுப்போம் என்று ஆரம்பித்தபோது சொன்ன நியாயத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. அங்கேயும் முதலில் கைவிட்டுப் போனது எம்.சி.யும் சொக்சோவும்தான்.

வேலைப் பளு எவ்வளவு? கால்பந்துக்கு ஒரு பருவம், கிரிக்கெட்டுக்கு ஒரு பருவம். ரெஸ்லிங்குக்குப் பருவமும் இல்லை, பள்ளி விடுமுறையும் இல்லை. டபிள்யூ.டபிள்யூ.இ.யின் 'ரா' டி.வி. நிகழ்ச்சி 1993 ஜனவரியில் தொடங்கியது; அன்று முதல் வாராவாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, மழை, வெள்ளம், கோவிட் எதுவும் அதை நிறுத்தவில்லை. 2020 ஏப்ரலில் புளோரிடாவில் ஊரே அடங்கிக் கிடந்தபோது ரெஸ்லிங்கை அத்தியாவசியத் தொழில் பட்டியலில் சேர்த்து நடத்தினார்கள். அதே மாதத்தில் பல ரெஸ்லர்களை வீட்டுக்கும் அனுப்பினார்கள். எண்பதுகளில் ஓகோ என்று இருந்த காலத்து ரெஸ்லர்கள் வருஷத்துக்கு 300 நாள் ரோட்டில் கழிந்ததாகச் சொல்வார்கள். டி.வி.யில் நாம் பார்த்தது ஒரு ராத்திரி, டி.வி. இல்லாத சின்ன ஊர் அரங்குகளில் மற்ற ராத்திரிகள். ஆட்டம் முடிந்ததும் குளித்துவிட்டு, ஐஸ் கட்டியை முட்டியில் கட்டிக்கொண்டு, மூன்று பேர் ஒரு வாடகைக் காரில் ஏறி அடுத்த ஊருக்கு நானூறு கிலோமீட்டர். 1988 ஜூலை 4 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இப்படிச் சுற்றுப்பயணம் போன வேன் ஒன்று சாலையில் வந்த காட்டுமானுக்காக ஒதுங்கப் போய்க் கவிழ்ந்ததில் ஏட்ரியன் அடோனிஸ் உட்பட மூன்று ரெஸ்லர்கள் இறந்தார்கள். நம் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது, வாரம் ஒரு முழு நாள் ஓய்வு என்கிறது, ஓ.டி.யைக்கூட மாதம் 104 மணிக்கு மேல் போகக்கூடாது என்கிறது. நடைமுறையில் எத்தனை தொழிற்சாலையில் இது நடக்கிறது என்பது தனிப் பதிவுக்கான விஷயம். ரெஸ்லருக்கு மீறப்படுவதற்குக்கூட ஓர் அளவு கிடையாது.

சரி, அடிபட்டவர் ஓய்வு எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே, யார் தடுத்தது? ரெஸ்லரின் வருமானத்தில் ஒப்பந்தம் உறுதி செய்யும் குறைந்தபட்சத் தொகை ஒரு பங்கு. மேடை ஏறும் ராத்திரிகளும் விற்கும் டி-சட்டைகளும் கொண்டுவருவது இன்னொரு பங்கு. படுத்துவிட்டால் இரண்டாவது பங்கு சுருங்கிவிடும். அதைவிடப் பெரியது இடம். கதை யாருக்காகவும் காத்திருக்காது. ஆறு மாதம் கழித்து வந்தால் அந்த இடத்தில் வேறொருவர் நின்றுகொண்டிருப்பார். போதாக்குறைக்கு, அடிபட்டுக் கிடந்த காலத்தை ஒப்பந்தத்தின் வாலில் சேர்க்கும் வழக்கமும் உண்டு. 2019-இல் லூக் ஹார்ப்பர் தன்னை விடுவிக்கும்படி கேட்டபோது, மணிக்கட்டு அறுவைக்காக வெளியே இருந்த காலத்தைக் கணக்கிட்டு ஆறு மாதத்தைக் கம்பெனி கூட்டிவிட்டதாகச் செய்திகள் வந்தன. எம்.சி.யில் இருந்த நாளை எல்லாம் கடைசியில் வேலை செய்து அடைத்துவிட்டுப் போ என்று இங்கே ஒரு மேனேஜர் சொன்னால் தொழிற்சங்கம் சும்மா விடுமா? தோட்டத்து மக்களுக்கு இந்த நெருக்கடி புதிதல்ல. பால்மரக் காலத்தில் விடியலில் மழை பிடித்தால் பெரட்டுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்புவார்கள். வெட்டாத பாலுக்கு யார் காசு கொடுப்பார்? அதனால்தான் காய்ச்சலோடும் மரம் வெட்டினார்கள், நாள் நன்றாக இருந்தால் கூடுதல் மரம் கேட்டு வாங்கி வெட்டினார்கள். அதைப் பார்த்து இந்தச் சனம் கடும் உழைப்பாளிகள் என்று துரைமார் புகழ்ந்தார்கள். பிறகு வந்த 1955 சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தோட்டத்தில் நாள் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு மாதம் 24 நாள் வேலை கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டாலும் அந்த நாள்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டிப்போட்டது. மழையைச் சட்டம் நிறுத்தவில்லை, மழையின் நஷ்டம் யார் தலையில் என்பதை மாற்றியது. ரெஸ்லிங்கிலும் கேள்வி இதேதான். அடிபடுவதை நிறுத்த முடியாது, அடியின் நஷ்டத்தில் பெரும்பங்கு இப்போது அடிபட்டவர் தலையில் இருக்கிறது.

இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. 2001 மே மாதம் டிரிப்பிள் எச் ஆட்டத்தின் நடுவில் தொடைத் தசை எலும்பிலிருந்து கிழிந்து போனபின்னும் ஆடி முடித்தார். எட்டு மாதம் கழித்து மேடிசன் ஸ்குவேர் கார்டனில் அவர் திரும்பியபோது எழுந்த ஆரவாரத்தை இன்றும் எடுத்துப் போட்டுப் பார்க்கிறோம். 2016 பிப்ரவரியில் இந்தியாவின் ஹல்துவானியில் தி கிரேட் காலி தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சில நாளிலேயே தலையில் கட்டோடு டேராடூன் மேடையில் ஏறினார். கட்டே விளம்பரம். ஓவன் ஹார்ட் 1999 மே 23 அன்று கான்சஸ் சிட்டியில் கூரையிலிருந்து இறங்கும்போது விழுந்து இறந்தார், அதன் பிறகும் நிகழ்ச்சி தொடர்ந்து நடந்தது. ஒரு தொழிற்சாலையில் ஆள் விழுந்து இறந்தால் அந்த இடத்தையாவது மூடி வைப்பார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நிலைமை முன்பு போல இல்லை என்பது உண்மை. எடி குரேரோ 38 வயதில் 2005 நவம்பரில் ஓட்டல் அறையில் இறந்த பிறகு, 2006-இல் டபிள்யூ.டபிள்யூ.இ.யில் மருந்துச் சோதனைத் திட்டம் வந்தது. 2007-இல் கிறிஸ் பென்வா தன் மனைவியையும் மகனையும் கொன்று தானும் இறந்த கொடுமைக்குப் பிறகு, அவருடைய மூளையில் கடுமையான சேதம் இருந்ததைப் பரிசோதனை காட்டியது. அதை வைத்து அந்தக் கொலைகளுக்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை, ஆனால் தலையில் விழும் அடியைப் பற்றிய பேச்சு அதன் பிறகுதான் சூடுபிடித்தது. தலையில் நாற்காலியால் அடிப்பதை 2010-இல் தடை செய்தார்கள். மேடையில் அடிபட்டால் அறுவைச் செலவைக் கம்பெனியே ஏற்கிறது. சின்ன ஊர் ஆட்டங்களும் இப்போது குறைந்திருக்கின்றன. என் வாதத்துக்கு நேர் எதிரான சான்று டேனியல் பிரையன். மூளை அதிர்ச்சி பல தடவை வந்தவர் அவர்; வெளி மருத்துவர்கள் சரி என்று சொன்ன பிறகும் கம்பெனியின் மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. 2016 பிப்ரவரியில் கண்ணீரோடு விலகினார், 2018 மார்ச்சில் அனுமதி கிடைத்துத் திரும்பினார். அங்கே ஓய்வு வேண்டாம் என்று நின்றது ரெஸ்லர். நிறுத்தி வைத்தது கம்பெனி. ஆகவே பணமும் பயமும் மட்டுமே காரணம் என்றால் பொய். மேடை மேல் இருக்கும் வெறியும் ஒரு காரணம்.

ஆனால் அந்த உதாரணத்தையே இன்னொரு தடவை பாருங்கள். மருத்துவர் உறுதியாக நின்றதால் பிரையன் தப்பினார். மருத்துவர் தளர்ந்திருந்தால்? கேட்பதற்கு வேறு ஆள் இல்லை, ஏனென்றால் அனுமதி கொடுப்பவரும் கொடுக்காதவரும் சம்பளம் வாங்குவது ஒரே கம்பெனியிடம். சி.எம். பங்க் 2014 ஜனவரியில் கம்பெனியை விட்டுப் போனார். அதே வருஷக் கடைசியில் ஒரு பாட்காஸ்டில், தொற்றோடும் மூளை அதிர்ச்சியோடும் தன்னை ஆடவைத்ததாகக் குற்றம்சாட்டினார். கம்பெனி மருத்துவர் அதை மறுத்து அவதூறு வழக்குப் போட்டார். 2018 ஜூனில் ஜூரி பங்க் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர் சொன்னதெல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. நான் கவனிப்பது வேறொன்று: ஒரு தொழிலாளி தனக்கு ஓய்வு தரப்பட்டதா இல்லையா என்பதை அலசுவதற்குக் கிடைத்த ஒரே இடம், டாக்டர் போட்ட அவதூறு வழக்கு. இங்கே தோட்டத்து டிரஸ்ஸர் "வேலைக்குப் போகலாம்" என்று விரட்டினால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் எம்.சி. வாங்கலாம், அது போதாவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். கம்பெனி நல்லவர்கள் கையில் இருக்கும்போது கிடைக்கும் ஓய்வு, கை மாறினால் போய்விடும்.

"பிடிக்கவில்லை என்றால் கையெழுத்துப் போடாதே, கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்கள்" என்பது அடுத்த வாதம். கோடி சம்பாதிப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களை வைத்து மற்றவர்களைப் பேசுவது, தோட்ட மேனேஜரின் பங்களாவைக் காட்டி லயத்துக்காரர்கள் வசதியாக இருக்கிறார்கள் என்று சொல்வதற்குச் சமம். கையெழுத்து விஷயமோ, நம் பாட்டன் பூட்டன் எல்லாரும் கைரேகை வைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். அதனால் கொடுத்த கூலி நியாயமாகிவிடவில்லை. தனி ஆள் பேரம் பேச முடியாத இடத்தில் சங்கம் பேசும். ஜெஸ்ஸி வென்சுரா 1986-இல் இரண்டாவது ரெஸில்மேனியாவுக்கு முன் சங்கம் வைக்கலாம் என்று சகாக்களிடம் பேசினார். பேச்சு உடனே முதலாளி வின்ஸ் மெக்மஹன் காதுக்குப் போனது. போட்டுக் கொடுத்தது யார் என்பது பல வருஷம் கழித்து நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தது: ஹல்க் ஹோகன். அன்றைக்கு எல்லாரையும்விட அதிகம் சம்பாதித்தவர். நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. ஒப்பந்தக்காரர் என்று வகைப்படுத்தியதை எதிர்த்து மூன்று பேர் 2008-இல் போட்ட வழக்கு, காலம் கடந்துவிட்டது என்ற காரணத்தால் தள்ளுபடியானது. மூளைச் சேதத்துக்காக ஐம்பதுக்கு மேற்பட்ட முன்னாள் ரெஸ்லர்கள் 2016-இல் போட்ட வழக்கும் 2018-இல் தள்ளுபடி. பீடோங் வட்டாரத்தில் 1947-இல் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படைக்காரர்கள் போலீஸ் அடி வாங்கித் தெருவில் நின்ற கெடா மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு, உரிமை என்பது முதலாளியின் நல்ல மனதால் வரும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கடைசியாக, நியாயமான ஓர் எதிர்ப்பு மிச்சம் இருக்கிறது. அமெரிக்கக் கம்பெனி தாங்கும். நம் ஊரில் பள்ளி மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, இருநூறு பேருக்கு டிக்கெட் விற்று நடத்தும் சின்ன அமைப்பு எம்.சி., சொக்சோ என்றால் மூடிவிட்டுப் போகும் அல்லவா? மலேசியா புரோ ரெஸ்லிங் 2014 முதல் நடக்கிறது. அதிலிருந்து வந்த ஃபீனிக்ஸ் டயானா 2019 ஜூலையில் நான்கு ஆண்களைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியபோது, ஹிஜாப் அணிந்த ரெஸ்லர் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அப்போதும் அவர் பகலில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். டிரம் ஆலையில் உழைத்துக்கொண்டு குஸ்தி பழகிய தாரா சிங்கின் காலத்துக்கும் இதற்கும் எழுபது வருஷம். இப்படி இரண்டு வேலை பார்ப்பவருக்கு ஆபத்து இரட்டிப்பு: மேடையில் உடைந்த கைக்குப் பகல் வேலையின் சொக்சோ பதில் சொல்லாது. இந்த இடத்தில் சின்ன அமைப்பை முழு முதலாளியாக நடத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. முதலில் டாக்சி போன்ற வாடகை வண்டி ஓட்டுநர்களுக்கு மட்டும் இருந்தது, 2020-இல் பல துறைகளுக்கு விரிந்தது. கலைத்துறையும் அதில் ஒன்று. நாங்கள் விளையாட்டுக்காரர் அல்ல, கலைஞர் என்று ரெஸ்லிங் கம்பெனிகளே சொல்லிவருவதால் அந்தக் கதவைத் தட்டுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மாதச் சந்தா, தேர்ந்தெடுக்கும் வருமானத் தொகையில் 1.25 விழுக்காடு என்ற அளவில் வைக்கப்பட்டது. ஒட்டுக்கடையில் இரண்டு பேர் சாப்பிடுகிற காசு. கிக் தொழிலாளர் மசோதாவும் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. ஏற்பாட்டாளர் டிக்கெட் விலையில் ஒரு வெள்ளி கூட்டி இந்தச் சந்தாவைக் கட்டிவிட்டால் நிகழ்ச்சி மூழ்காது.

பெரிய கம்பெனிகளிடம் கேட்க வேண்டியதும் நீண்ட பட்டியல் அல்ல. கம்பெனியிடம் சம்பளம் வாங்காத ஒரு மருத்துவர் ஆடலாமா கூடாதா என்று சொல்லட்டும். அடிபட்டுக் கிடக்கும் காலத்தில் சராசரி வருமானத்தின் பெரும்பகுதி வரட்டும். 80 விழுக்காடு நம் குலை வெட்டுகிறவருக்கே கிடைக்கிறது. அந்த நாள்களை ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டாதிருக்கட்டும். வருஷத்தில் ஆறு வாரமாவது எல்லாருக்கும் சேர்த்து மேடையை மூடட்டும். நாம் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்துக்கொள்கிறோம், செத்துப்போக மாட்டோம்.

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ பினாங்கிலோ அடுத்து ஒரு ரெஸ்லிங் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கும்போது, எந்த வரிசை என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: மேடை ஏறுகிறவர்களுக்குச் சொக்சோ கட்டியிருக்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பிள்ளையே மேடை ஏறப் போகிறான் என்றால் பூட்ஸ் வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் அவனைப் பெர்கேசோ (சொக்சோ) அலுவலகத்துக்கு அழைத்துப் போய்ப் பதிவு செய்துவிடுங்கள்.